யார் உடம்பு இரும்பு?

கிரிக்கெட்டா கபடியா, ஃபுட்பாலா டென்னிஸா... தீராத சண்டையும் அதற்கு ஆட்டக்காரர்கள் கொடுக்கும் விலையும்

1973 பிப்ரவரி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ரொட்டோண்டா என்ற சிற்றூர். நீச்சல் குளத்தில் இறங்குகிறார் ஜோ ஃப்ரேஸியர். முகமது அலிக்கு முதல் தோல்வியைக் கொடுத்த மனிதர். ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை ஜார்ஜ் ஃபோர்மேனிடம் பறிகொடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. போட்டி 50 மீட்டர் நீச்சல். மற்றவர்கள் நீந்திப் போகிறார்கள். இவர் கையைக் காலை உதறித் தத்தளிக்கிறார். டி.வி. கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, உலகின் மிகப் பலசாலிகளில் ஒருவர் மூழ்கப் போனார். கரையேற்றி விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவருக்கு நீச்சலே தெரியாது. பிறகு ஏன் இறங்கினீர்கள் என்றதற்கு, இறங்கிப் பார்க்காமல் தெரியாதென்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார் ஃப்ரேஸியர்.

'தி சூப்பர்ஸ்டார்ஸ்' என்ற அந்த நிகழ்ச்சி டிக் பட்டன் என்பவரின் யோசனை. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். வெவ்வேறு விளையாட்டுகளின் நட்சத்திரங்களைக் கூட்டிவந்து ஓட்டம், நீச்சல், சைக்கிள், பளுதூக்குதல் என்று பத்துப் போட்டி வைத்தார்கள். அவரவர் ஏழைத் தேர்ந்தெடுக்கலாம், சொந்த ஆட்டத்தில் மட்டும் இறங்கக் கூடாது. டென்னிஸிலிருந்து ராட் லேவர், அமெரிக்க ஃபுட்பாலிலிருந்து ஜானி யூனிடாஸ், பனிச்சறுக்கிலிருந்து ழான்-கிளாட் கில்லி எல்லாரும் வந்திருந்தார்கள். ஜெயித்தவர் இவர்களில் யாருமில்லை. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டித் தங்கம் வாங்கிய பாப் சீக்ரன்.

அதே ஆண்டு பிரிட்டன்காரர்களும் இதே போட்டியை நடத்தினார்கள். அங்கே ஜெயித்தவர் டேவிட் ஹெமரி, 400 மீட்டர் தடை ஓட்டக்காரர். ஆக, தடகளக்காரர்கள்தான் உசத்தி என்று எழுதிவிடலாமா? கேள்வித்தாளைக் கொஞ்சம் பாருங்கள். ஓடு, நீந்து, தூக்கு, மிதி. ஃப்ரேஸியர் தம் வாழ்க்கை முழுக்கப் பழகியதில் ஒன்றுகூட அதில் இல்லை. மூன்று நிமிடம் ஃபோர்மேனின் குத்துகளுக்கு முன்னால் நிற்பது என்று பதினோராவதாக ஒரு போட்டி வைத்திருந்தால் சீக்ரன் என்ன ஆகியிருப்பார்?

அரை நூற்றாண்டு கழிந்தும் சண்டை ஓயவில்லை. ஐ.பி.எல். சீசனில் ஒரு ரீல்ஸ் வரும்: பவுண்டரி ஓரம் கைகட்டி நிற்கும் ஃபீல்டர் ஒரு பக்கம், ஏழு பேரைச் சுமந்துகொண்டு நடுக்கோட்டுக்குத் தாவும் கபடி ரெய்டர் மறுபக்கம். கீழே ஆயிரம் கமென்ட். 'இவனும் அத்லெட், அவனும் அத்லெட்டா?' டீக்கடையில் இது பொழுதுபோக்கு. ஆனால் அணித் தேர்வு, சம்பளம், வேலை, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எந்த ஆட்டத்துக்கு அனுப்பப்படுகிறது என்பது வரை இதே கேள்வி வேறு வேடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே இது விளையாட்டில்லை.

மீன்பிடித்தல் உண்டு, கபடி இல்லை

2004-ல் இ.எஸ்.பி.என். ஒரு பட்டியல் போட்டது. எட்டு நிபுணர்கள், 60 விளையாட்டுகள், பத்துக் குணங்கள். தாக்குப்பிடிக்கும் திறன், பலம், வேகம், வளைந்துகொடுக்கும் உடம்பு, பயமின்மை, கண்-கை ஒத்திசைவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்ததில் முதலிடம் குத்துச்சண்டைக்கு, இரண்டாமிடம் ஐஸ் ஹாக்கிக்கு. அறுபதாவது இடம் மீன்பிடித்தலுக்கு. கபடி அந்தப் பட்டியலிலேயே இல்லை. கிரிக்கெட்டும் இல்லை.

பட்டியலின் உண்மையான ஓட்டை அதுவல்ல. பத்துக் குணங்களுக்கும் ஒரே எடை என்று யார் முடிவு செய்தது? பயமின்மைக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று சமமாகப் பிரித்தால் குத்துச்சண்டை மேலே வரும். மூச்சுக்கு மட்டும் மூன்று பங்கு கொடுத்தால் சைக்கிள்காரர்கள் முன்னால் வந்துவிடுவார்கள். எடையை மாற்ற மாற்ற சாம்பியன் மாறுகிறார்.

சரி, அபிப்பிராயம் வேண்டாம், ஆய்வுக்கூடத்துக்கே போவோம் என்பவர்களுக்கு ஆஸ்கர் ஸ்வென்ட்சென் கதை இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த சைக்கிள் வீரர். 2012-ல், 18 வயதில், மூச்சுக்கருவி மாட்டிச் சோதித்தபோது அவர் உடம்பு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 97.5 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் எடுத்துக்கொண்டது. இப்படிப் பதிவானவற்றில் அதுதான் உச்சம் என்று பேசப்பட்டது. நல்ல ஃபுட்பால் வீரருக்கு இந்த எண் 60-ஐ ஒட்டி நிற்கும். அந்த ஆண்டே ஜூனியர் உலகப் பட்டமும் வென்றார். எல்லாரும் அடுத்த மாவீரர் என்று காத்திருந்தார்கள். அவரோ இரண்டே ஆண்டில் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுப் படிக்கப் போய்விட்டார். உலகிலேயே பெரிய எண்ணை வைத்திருந்தவர் ஒரு டூர் டி பிரான்ஸ்கூட ஓட்டவில்லை.

■ எண்களும் ஆட்களும்

உசைன் போல்ட்: 2009 பெர்லின், 100 மீட்டர் 9.58 விநாடி. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 44 கி.மீ.

எலியுட் கிப்சோகே: 2019 வியன்னா, 42.195 கி.மீ. தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்தார். மணிக்கு 21 கி.மீ. வேகம், இரண்டு மணி நேரம் குறையாமல். சிறப்பு ஏற்பாட்டுடன் நடந்த ஓட்டம் என்பதால் அதிகாரப்பூர்வ சாதனையில் சேராது.

ஜான் இஸ்னர் – நிக்கோலா மாயூ: 2010 விம்பிள்டன், 11 மணி 5 நிமிடம் நீடித்த ஆட்டம். மூன்று நாள் ஆனது. கடைசி செட் 70-68.

சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி: 2023, மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் பறந்த பேட்மின்டன் ஸ்மாஷ். கின்னஸ் சாதனை.

சிமோன் பைல்ஸ்: உயரம் 142 செ.மீ., ஒலிம்பிக் பதக்கங்கள் 11.

கூடவே வருவது எது, வராதது எது?

1994-ல் மைக்கேல் ஜோர்டான் பேஸ்பால் ஆடப் போனார். கூடைப்பந்தில் தொடர்ந்து மூன்று பட்டம் வென்று ஓய்வு அறிவித்தவர், 31 வயதில் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற இரண்டாம் நிலை அணியில் சேர்ந்தார். பலர் இதைத் தோல்விக் கதையாகவே சொல்வார்கள். புள்ளிவிவரத்தைப் பிரித்துப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும்.

127 ஆட்டங்களில் 30 முறை அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடி ஜெயித்தார். அதாவது கால் அப்படியே கூட வந்திருக்கிறது. ஆனால் 114 முறை பந்தைத் தொட முடியாமல் ஸ்ட்ரைக் அவுட். பேட்டிங் சராசரி .202. வீசுபவரின் கையிலிருந்து பந்து எப்படிக் கிளம்புகிறது, எங்கே வளையும் என்று படிக்கும் கண் மட்டும் வரவில்லை. அந்தக் கண் சிறு வயதிலிருந்து பல்லாயிரம் பந்துகளைப் பார்த்து வருவது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கூடைப்பந்துக்கே திரும்பிவிட்டார்.

போல்ட்டுக்கும் இதே கதைதான். 2018-ல் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் ஃபுட்பால் அணியில் சோதனை ஆட்டம் ஆடினார். ஒரு நட்பு ஆட்டத்தில் இரண்டு கோல்கூடப் போட்டார். ஒப்பந்தம் கைகூடவில்லை. பந்தைத் துரத்த உலகில் அவரை மிஞ்ச ஆளில்லை, துரத்திப் பிடித்த பந்தை முதல் தொடுதலில் காலடியில் நிறுத்துவதுதான் சிக்கல். எதிர்முனையில் மெஸ்ஸியைப் பாருங்கள். 2022 உலகக் கோப்பையில் மைதானத்தில் அதிகம் நடந்தவர்கள் வரிசையில் முன்னால் இருந்தார். கோப்பையும் அவர் கையில்தான் இருந்தது.

முழுசாகக் கூட வந்ததற்கும் சாட்சி உண்டு. பஹாமாஸைச் சேர்ந்த டொனால்ட் தாமஸ் அமெரிக்கக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 2006-ல் உயரம் தாண்டும் நண்பன் ஒருவனோடு பந்தயம் கட்டி, பயிற்சியே இல்லாமல் அன்றைக்கே ஏழடி தாண்டினார். அடுத்த ஆண்டு ஒசாகா உலகத் தடகளப் போட்டியில் 2.35 மீட்டர் தாண்டி உலக சாம்பியன். சாகசக் கதை போலத் தெரிந்தாலும் காரணம் எளிது. எதிராளியே இல்லாத போட்டி அது. யாரும் நம்மை ஏமாற்றப் போவதில்லை, குறுக்குக்கம்பி நகராது. தாவும் கால் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான்: தசையும் மூச்சும் ஆட்டம் விட்டு ஆட்டம் தாவும், எதிராளியைப் படிக்கும் திறன் தாவாது. நாம் 'அத்லெட்' என்று அளப்பது பெரும்பாலும் முதல் வகையை. மைதானத்தில் கைதட்டுவது பெரும்பாலும் இரண்டாம் வகைக்கு.

அரை விநாடியில் நடப்பது

மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் ஒரு பந்து கிளம்பினால் பேட்ஸ்மேனை அடைய அரை விநாடி. கண்ணில் பட்டது கைக்கு உத்தரவாகிப் போகவே 0.2 விநாடி பிடிக்கும். மிச்ச நேரத்தில் முன்கால் போடுவதா பின்கால் போடுவதா, ஆடுவதா விடுவதா என்று தீர்மானித்து மட்டையையும் இறக்க வேண்டும். கணக்குப் போட்டால் கிரிக்கெட் ஆடவே முடியாது.

எப்படி முடிகிறது என்று பிரிட்டன் விஞ்ஞானிகள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-ல் காட்டினார்கள். வெவ்வேறு தரத்திலுள்ள மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில் கேமரா மாட்டி, பந்து வீசும் இயந்திரத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். 'பந்தையே பார்' என்று நம் கோச்சுகள் காலங்காலமாகக் கத்துவதை மூவரில் ஒருவர்கூடச் செய்யவில்லை. பந்து கிளம்புவதைப் பார்க்கிறார்கள். பிறகு கண் சட்டென்று தாவி, பந்து இன்னும் போய்ச் சேராத இடத்தில், அது குத்தப்போகும் தரையில் காத்திருக்கிறது. குத்தியதும் கொஞ்ச தூரம் பின்தொடர்கிறது. மூவரில் சிறந்த ஆட்டக்காரரின் கண் எல்லாருக்கும் முன்னால் தாவியது. மட்டமான ஆட்டக்காரரின் கண் தாமதமாக.

இதில் தொப்பைக்கு என்ன வேலை? இன்சமாம்-உல்-ஹக் ரன் ஓடும்போது பக்கத்து முனையில் நிற்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் வேகப்பந்துக்கு அவரைவிட அதிக நேரம் வைத்திருந்தவர்கள் அவர் காலத்தில் வெகு சிலரே.

கிரிக்கெட்டை மொத்தமாக 'நின்றுகொண்டே ஆடும் ஆட்டம்' என்று தள்ளுகிறவர்கள் வேகப்பந்து வீச்சாளரின் முன்காலை ஒருமுறை ஸ்லோமோஷனில் பார்க்க வேண்டும். ஓடிவந்து அந்தக் கால் தரையில் குத்தி நிற்கும் கணத்தில், உடல் எடையைப் போல ஐந்தாறு மடங்கு விசை முழங்கால் வழியாக முதுகெலும்புக்கு ஏறுகிறது. ஓவருக்கு ஆறு முறை. பும்ராவின் முதுகு 2023-ல் அறுவைசிகிச்சை மேசைக்குப் போனது இப்படித்தான். ஒரே அணிக்குள், ஒரே சீருடைக்குள், ஸ்லிப்பில் நிற்பவரும் பந்து வீசுபவரும் இரண்டு வெவ்வேறு விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

முப்பது விநாடியில் நடப்பது

கபடி ரெய்டுக்கு அதிகபட்சம் 30 விநாடி. 13-க்கு 10 மீட்டர் களத்தில், பாதி அளவுதான் ரெய்டருக்கு. ஏழு பேர் கைகோத்துப் பின்வாங்குகிறார்கள். வாயில் 'கபடி கபடி' நிற்கக் கூடாது. நின்றால் அவுட். அதாவது உடம்பு மூச்சு கேட்கும் நேரத்தில் வாய் அதைச் செலவு செய்துகொண்டிருக்கிறது. போனஸ் கோட்டைத் தொட ஒரு கால் நீளும்போது இன்னொரு கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். அந்த ஒற்றைக்கால் நொடிக்காகத்தான் கார்னரில் நிற்பவர் காத்திருக்கிறார். கணுக்காலைப் பிடித்துவிட்டால் மீதி ஆறு பேரும் மேலே விழுவார்கள். அப்போது தேவைப்படுவது வேகமில்லை. இடுப்புக்குக் கீழே இருக்கும் மொத்த பலம், கூடவே நடுக்கோடு எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்ற நினைவு.

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன். மறுஆண்டு அர்ஜுனா விருது. அவர் வாழ்க்கையிலிருந்து கிளைத்த மாரி செல்வராஜின் 'பைசன்' படம் 2025-ல் வந்த பிறகுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்தது. 30 விநாடி ரெய்டு, பிறகு சில நிமிடம் காத்திருப்பு, மறுபடி ரெய்டு என்ற இந்த உடம்பை அளக்க மாரத்தான் ஓட்டக்காரருக்கு வைக்கும் சோதனையும் உதவாது, 100 மீட்டர்காரருக்கு வைக்கும் சோதனையும் உதவாது.

கார் பந்தயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங் திருப்புவதில் என்ன அத்லெட் என்று கேட்பவர்கள் உண்டு. கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்தக் காரில் வளைவுகளில் தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்த ஆறேழு கிலோ, முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும். கழுத்து அதை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும்.

■ வாட்ஸ்அப் வீரம்

'ஏபி டி வில்லியர்ஸ் ஜூனியர் தேசிய ஹாக்கிக்குத் தேர்வானவர், நீச்சலில் தேசிய சாதனைகள், ரக்பி கேப்டன், பேட்மின்டன் சாம்பியன்...' இந்த ஃபார்வர்டு வராத ஃபோன் இருக்காது. தம் சுயசரிதையில் அவரே இதில் பெரும்பகுதியை மறுத்திருக்கிறார். பள்ளியில் எல்லாரையும் போலக் கொஞ்சம் ஆடியதுதான்.

'செஸ் வீரர்கள் ஒரு நாளில் 6,000 கலோரி எரிக்கிறார்கள்' என்பதும் அப்படியே. 2018-ல் ஒரு போட்டியில் இதயத்துடிப்புக் கருவி கட்டி அளந்தபோது ரஷ்யாவின் மிகைல் அன்டிபோவ் இரண்டு மணி நேரத்தில் 560 கலோரி எரித்தது பதிவானது. நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அதுவே ஆச்சரியமான எண்தான், ஊதத் தேவையில்லை.

16.1

இந்த எண் 2018-ல் இந்தியக் கிரிக்கெட்டை உலுக்கியது. யோ-யோ டெஸ்ட் என்பது டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ ஃபுட்பால் ஆட்டத்தை மனதில் வைத்து உருவாக்கியது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்பு. பீப் ஒலிப்பதற்குள் போய்த் திரும்ப வேண்டும், பத்து விநாடி மூச்சு வாங்கலாம், மறுபடி பீப். போகப் போக வேகம் ஏறும். 16.1 தொட்டால் அணியில் இடம், தொடாவிட்டால் வீட்டுக்கு.

சி.எஸ்.கே. ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஐ.பி.எல்.லில் 602 ரன் குவித்து, கோப்பையையும் தூக்கி, இங்கிலாந்து ஒருநாள் தொடருக்குத் தேர்வானார் அம்பதி ராயுடு. பெங்களூரில் டெஸ்ட் நடந்தது. 16.1 வரவில்லை. பெயர் நீக்கப்பட்டு, அதே மஞ்சள் அணியின் சுரேஷ் ரெய்னா அனுப்பப்பட்டார். அதே மாதம் முகமது ஷமியும் தேறவில்லை. ஆப்கானிஸ்தானுடனான டெஸ்ட் ஆட்டம் கைநழுவியது. பிறகு தேறி அணிக்குத் திரும்பினார். 2023 உலகக் கோப்பையில் ஏழே ஆட்டத்தில் 24 விக்கெட் எடுத்து எல்லாரையும்விட முன்னால் நின்றவர் அவர்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடற்தகுதி வேண்டாம் என்று யாரும் வாதிடவில்லை. விராட் கோலியின் உடம்பை மாற்றியதில் சென்னையைச் சேர்ந்த பயிற்சியாளர் சங்கர் பாசுவுக்குப் பெரிய பங்கு உண்டு, கோலியே சொல்லியிருக்கிறார். பளுதூக்கும் வீரர்கள் செய்யும் ஸ்நாட்ச் போன்ற பயிற்சிகளைக் கிரிக்கெட் ஜிம்முக்குள் கொண்டுவந்தவர் அவர். அந்த அணியின் வேகப்பந்து வீச்சாளர்கள் வெளிநாட்டு மண்ணில் ஐந்தாம் நாள் மாலையிலும் ஓடிவந்து வீசியதில் இதன் பலன் தெரிந்தது. ஒரு விளையாட்டின் முறையை இன்னொன்று கடன் வாங்கலாம், தவறில்லை. அளவுகோலையே கடன் வாங்கி, அதை நுழைவாயிலில் நிறுத்தும்போதுதான் 602 ரன் அடித்தவர் வெளியே நிற்க வேண்டிவருகிறது.

இப்போது முறை ரக்பிக்கு. 2025-ல் இந்திய அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் மாறியதும் பிராங்கோ டெஸ்ட் வந்தது. 20, 40, 60 மீட்டர் என்று போய்த் திரும்பும் ஓட்டம், ஐந்து சுற்று, நிற்காமல் 1,200 மீட்டர். பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் சோதனையும் மாறினால் வீரர்கள் பாடு திண்டாட்டம்தான், காயத்திலும் முடியலாம் என்று அஸ்வின் தம் யூடியூப் சேனலில் பேசினார். 500-க்கு மேல் டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் அவர். வேகமான ஃபீல்டர் என்று அவரை யாரும் கொண்டாடியதில்லை.

வயது சொல்லும் சாட்சி

சரத் கமல் 2006 மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வாங்கினார். 16 ஆண்டு கழித்து 2022 பர்மிங்ஹாமில், 40 வயதில், அதே ஒற்றையர் தங்கத்தை மறுபடி வாங்கினார். 42 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் தேசியக் கொடியும் ஏந்தினார். கபடியிலும் நம் சேரலாதன் நாற்பதைக் கடந்து புரோ கபடி ஆடினார், பிடிப்பவராக. ரெய்டராக இருந்திருந்தால் முடிந்திருக்காது என்பது என் ஊகம். பாரிஸில் பைல்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27. அதற்கே உலகம் 'இந்த வயதிலா' என்று வியந்தது.

தசை முதலில் போகும், கண் கடைசியில் போகும். ஒரு விளையாட்டில் வீரர்கள் எந்த வயதில் ஓய்வு பெறுகிறார்கள் என்று பார்த்தாலே அந்த ஆட்டம் எதை அதிகம் கேட்கிறது என்று தெரிந்துவிடும். எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு கதவு

உடம்பு எந்த ஆட்டத்துக்கு என்பது எப்போது முடிவாகிறது? மைக்கேல் ஃபெல்ப்ஸின் உயரம் 6 அடி 4 அங்குலம். 1,500 மீட்டர் உலக சாதனையாளர் ஹிஷாம் எல் குரூஜ் 5 அடி 9 அங்குலம். ஆனால் இருவருக்கும் பேன்ட் கால் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். நீண்ட முதுகும் குட்டைக் காலும் நீருக்கு, குட்டை முதுகும் நீண்ட காலும் தரைக்கு. இருவரும் இடம் மாறிப் பிறந்திருந்தால், ஒருவரை ஓட்டத்துக்கும் மற்றவரை நீச்சலுக்கும் அனுப்பியிருந்தால், நமக்கு இரண்டு பெயரும் தெரிந்திருக்காது.

இதைப் பிரிட்டன் ஒரு திட்டமாகவே செய்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கை முன்வைத்து 2007-ல் 'ஸ்போர்ட்டிங் ஜயன்ட்ஸ்' என்று விளம்பரம் செய்து, உயரமான, விளையாட்டுப் பழக்கமுள்ள இளைஞர்களைக் கூப்பிட்டார்கள். பெண்களுக்கு 180 செ.மீ. வேண்டும். ஹாக்கியும் நெடுந்தூர ஓட்டமும் பழகிய ஹெலன் குளோவர் கொஞ்சம் குறைவு. அளக்கும்போது நுனிக்காலில் எக்கி நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முன் துடுப்புப் படகில் பழக்கமில்லை. 2012-ல் அதே துடுப்புப் படகில் தங்கம், 2016-ல் மறுபடியும் தங்கம்.

நம்மூரில் கதவு வேறு விதமாகத் திறக்கிறது. பவானி தேவி சென்னையில் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் சில விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் முறை வருவதற்குள் மற்றவை நிரம்பிவிட்டன. மிஞ்சியது வாள்வீச்சு. மூங்கில் குச்சியில் பழகினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வாளேந்திய முதல் இந்தியர் அவர்தான். இதை நெகிழ்ச்சிக் கதையாகப் படிப்பது எளிது. திருப்பிப் பார்த்தால், அந்த வரிசையில் அவருக்கு முன்னால் நின்று 'நல்ல' விளையாட்டுகளை எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் யாருக்கு எந்த உடம்பு இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு உடல்திறன் தேர்வு நடத்துகிறது. ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல். நல்ல காரியம்தான். ஆனால் இவை எல்லாமே டொனால்ட் தாமஸைக் கண்டுபிடிக்கும் தேர்வுகள். சரத் கமலை இந்தத் தேர்வு கண்டுபிடிக்குமா? குச்சியை நழுவவிட்டுப் பிடிக்கச் சொல்வது, சுவரில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கச் சொல்வது, இதற்கெல்லாம் செலவில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்காமல் இருந்தால் போதும்.

ஒருவரே இரண்டு கதவில் நுழைந்த காலமும் சென்னைக்கு உண்டு. எம்.ஜே. கோபாலன் 1934-ல் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார், 1935-ல் தயான் சந்தோடு நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடப் போனார். 1936-ல் இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பெர்லின் ஒலிம்பிக்கா, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்தா? கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

யார் எடை போடுகிறார்கள்?

2025 சீசனுக்கான ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய். புரோ கபடியில் 2023 ஏலத்தில் பவன் ஷெராவத்துக்கு 2.6 கோடி. பத்து மடங்கு வித்தியாசம். பந்த்தின் உடம்பு பத்து மடங்கு உசத்தி என்று எந்த ரசிகரும் சொல்ல மாட்டார். அந்தப் பணம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் கண்களின் எண்ணிக்கைக்கு.

அரசாங்கம் இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டுகிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம். அங்கே யார் நுரையீரலையும் அளப்பதில்லை. எந்தப் போட்டி, மாநில அளவா சர்வதேச அளவா, என்ன பதக்கம், இவ்வளவுதான். இருப்பதில் இதுதான் நியாயமான முறை என்று எனக்குப் படுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சிலம்பம் அந்தப் பட்டியலில் ஏறும் வரை, எவ்வளவு சுற்றினாலும் சிலம்பக்காரருக்கு அந்த வாசல் மூடியேதான் இருந்தது. உலக அளவில் இந்தப் பட்டியலின் பெயர் ஒலிம்பிக். கபடி 1990-லிருந்து ஆசிய விளையாட்டில் இருக்கிறது, ஒலிம்பிக்கில் இன்னும் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் கிரிக்கெட், 1900 பாரிஸுக்குப் பிறகு முதன்முறையாக, டி20 வடிவில் வருகிறது.

கூடவே ஸ்குவாஷும் முதன்முறையாக நுழைகிறது. நான்கு சுவருக்குள் விடாமல் முன்னும் பின்னும் பாய்ந்து, எதிராளி எங்கே அடிப்பார் என்று தோள்பட்டையைப் பார்த்தே ஊகிக்க வேண்டிய ஆட்டம். தசை, கண் இரண்டையும் ஒரே அளவில் கேட்பது. 2003-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை உடம்புக்கு மிக நல்ல விளையாட்டு என்று அதற்கு முதலிடம் கொடுத்தது. மறு ஆண்டு இ.எஸ்.பி.என். பட்டியலில் இருபதுக்கு அப்பால் போனது. ஒலிம்பிக் கமிட்டி பல முறை வேண்டாம் என்று திருப்பியனுப்பியது. சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா 2000-ல், 14 வயதில், தேசிய சாம்பியன் ஆனவர். ஒலிம்பிக் ஸ்குவாஷின் முதல் பந்து அடிக்கப்படும்போது அவருக்கு வயது 41 ஆகியிருக்கும்.